பல்லுப் பெட்டியில் ஐந்து எழுத்து

அலுமாரியின் அடித்தட்டில், உங்களுடைய வேட்டிகளுக்குக் கீழே, அந்தத் தகரப் பெட்டி கிடந்தது. வருகிற கிழமை உங்களுடைய ஆட்டைத் திவசம். ஐயருக்குக் கொடுக்கக் கட்டாத வேட்டி ஏதும் இருக்கிறதா என்று தேடப் போனவளுக்கு இதுதான் அகப்பட்டது. சவர்க்காரக் கட்டியளவு பெட்டி, மூடியில் ஐந்து சீன எழுத்து எழுதி ஒட்டிய தாள், திறந்தால் இத்தனை வருடம் கழித்தும் கராம்பு வாசம். வீட்டில் எந்தச் சாமானையும் வைத்த இடம் தெரியாத மனிதர் நீங்கள். இதை மட்டும், எறியுங்கோ என்று நான் சொன்ன பிறகு, இவ்வளவு கவனமாக ஒளித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு வந்த எரிச்சலில் வேட்டியை மறந்து கதிரையில் இருந்துவிட்டேன்.

எல்லாம் அரிசிச் சாக்கில் தொடங்கியது. கிளிநொச்சியில் எங்கள் குடியேற்றத் திட்டத்துச் சங்கக்கடைக்கு நீங்கள் மனேச்சர். கூப்பனுக்குக் கொடுக்கிற அரிசி அப்போது சீனாவிலிருந்து வரும். ஊரெல்லாம் சாக்கை அவிழ்த்து அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்க, நீங்கள் சாக்கில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு சாக்கை வெட்டிக் கொண்டுவந்து சுவரில் ஆணி அடித்துத் தொங்கவும் விட்டீர்கள். என்ன எழுதியிருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அரிசிச் சாக்கில் அரிசி என்றுதான் எழுதியிருப்பான் என்றேன். கடைசியில் அதுதான் சரியாக இருந்தது. ஒருநாளாவது அதை ஒப்புக்கொண்டீர்களா?

அந்த எழுத்துப் பைத்தியம்தான் என் பல்லைக் கொண்டுபோனது. சைக்கிள் கரியரில் என்னை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும்போது எதிரே சாக்கு ஏற்றிய லொறி வந்தது. புதுமாதிரி எழுத்தைக் கண்டு நீங்கள் தலையைத் திருப்ப, சைக்கிள் பள்ளத்தில் இறங்க, நான் குப்புற விழுந்தேன். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போய்விட்டன. அதன்பிறகு நான் சேலைத் தலைப்பால் வாயை மூடாமல் யாரோடும் கதைத்ததில்லை. சிரிப்பதை அடியோடு விட்டுவிட்டேன்.

என் தங்கைக்குக் கலியாணம் பேசி முடிந்தது. பூநகரியில் எங்கள் அம்மா வீட்டு வாசலில் மாப்பிள்ளைக்கு நான்தான் ஆலாத்தி எடுக்கவேண்டும். ஆலாத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். பிறகு வாயை எதனால் மூடுவது? அதற்காகத்தான் வவுனியாவில் பல்லுக் கட்டுகிற சீனரிடம் போனோம்.

என் வாய்க்குள் மெழுகை அடைத்து, அசையக்கூடாது என்று அவர் சைகை காட்டினார். நான் எச்சில் வடிய ஆடாமல் இருக்கிறேன், நீங்கள் சட்டைப்பையிலிருந்து சாக்குத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டுகிறீர்கள். ‘பாய் மி’ என்று வாசித்தார். வெள்ளை அரிசி. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதலில் நிறம், பிறகு பொருள், அப்படியே தமிழ் மாதிரி என்று துள்ளினீர்கள். மனிதருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஹொங் என்றால் சிவப்பு, ஹ்வா என்றால் பூ, ஹொங் ஹ்வா என்று பாடம் தொடங்கினார். மெழுகு என் வாயில் இறுகிக் கல்லாகிப்போனது.

அளவெடுக்கவும் வைத்துப் பார்க்கவும் நாலைந்து தரம் போனோம். ஒவ்வொரு தரமும் எனக்குப் பல்லு, உங்களுக்குப் பாடம். வீட்டுக்கு வந்தால் குசினியில் எனக்குப் பாடம். சிவப்பு, வெள்ளை போன்ற குட்டிச் சொல் நேரே பொருளோடு ஒட்டுமாம். அழகு போன்ற நீட்டுச் சொல்லுக்கு நடுவில் ‘த’ என்று ஒன்று போடவேண்டுமாம், நாங்கள் ‘அழகான’ என்று ‘ஆன’ போடுவதுபோல. இங்கிலீசிலும் முன்னால்தானே வருகிறது என்று தெரியாமல் வாயைக் கொடுத்தேன். விட்டீர்களா? இங்கிலீஷ்காரன் நேற்று வந்த மனிதனைச் சொல்வதென்றால் மனிதனை முதலில் சொல்லி வந்ததைப் பின்னால் இழுப்பானாம். சீனன் எங்களைப்போல் நேற்று வந்ததையும் முன்னுக்கே வைப்பானாம், அதற்கும் அதே ‘த’ தானாம். உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. உங்களுக்குத் தெரியவேயில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் பல்லை எடுத்துவரத் தனியே போனீர்கள். பின்னேரம் பூநகரிக்கு வந்து பெட்டியை என் கையில் தந்தபோது பரீட்சை பாஸ் பண்ணின முகம். நூலை அவிழ்த்தேன். உள்ளே முழுக் கீழ்வரிசை, யாருடையதோ. “மாறிப் போச்சு” என்றீர்கள். மறுபடி வவுனியாவுக்குப் போய்வர பஸ்ஸும் இல்லை, நேரமும் இல்லை.

அடுத்தநாள் வாசலில் உதட்டை இறுக்கிக்கொண்டு ஆலாத்தி எடுத்தேன். பொம்பிளையின் தமக்கைக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டது என் காதிலேயே விழுந்தது. உள்ளே வந்ததும் தங்கை என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எனக்காக ஒருக்காச் சிரியன்.”

என்னால் முடியவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது உங்களைக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

அடுத்த கிழமை நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். அவர் தலையில் கைவைத்துவிட்டார். தான் சாப்பிடப் போயிருந்த நேரம் பஸ்ஸுக்குப் பிந்துகிறது என்று நீங்களாகவே தட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கிறீர்கள். தமிழ்ப் பெயர் எழுதத் தெரியாததால் ஆள் பார்வைக்கு எப்படியோ அதைப் பெட்டியில் எழுதிவைப்பது அவருடைய வழக்கம். எனக்குரிய பெட்டியை எடுத்துக் காட்டினார். கடைசி மூன்று எழுத்தும் மற்றப் பெட்டியில் இருந்ததேதான், முதல் இரண்டும் வேறு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சங்கடத்தோடு சொன்னார்.

“சிரிக்காத அம்மா.”

மற்றது, முல்லைத்தீவு றோட்டில் கடை வைத்திருப்பவரின் மாமியாருடையதாம். நல்ல பட்டுச்சேலை உடுத்து வந்தவாவாம். அதில் அழகான அம்மா என்று எழுதியிருந்ததாம்.

கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் முற்றத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டு பெட்டியையும் வாசித்துப் பார்த்துமா மாற்றி எடுத்தீர்கள் என்று கேட்டேன். நிமிரவில்லை.

“மற்றதை வாசிக்கேல்லை. வடிவான பொம்பிளை எண்டு ஒண்டில எழுதிக் கிடந்தது. நான் வேறை ஆரை நினைக்கிறது?”

நான் குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டினேன். பல்லைப் போட்டுக்கொண்டேன், சிரிக்காத அம்மா என்று எழுதின என் பெட்டியைக் கண்ணில் காட்டவேண்டாம், எறியுங்கோ என்றேன். அன்றிலிருந்து பல்லைக் கழற்றினால் கிளாஸ் தண்ணீரில்தான் போடுவேன்.

இப்போது மடியில் பெட்டியை வைத்துப் பார்க்கிறேன். மூடியில் இருப்பது சீனர் ஒட்டிய தாள் இல்லை. அதன்மேல் மாப்பசையால் இன்னொன்று ஒட்டியிருக்கிறது, எழுத்து உங்களுடையது. நீங்கள் அரித்து அரித்துச் சொல்லித்தந்த பாவத்துக்கு எனக்கு வாசிக்க வருகிறது. நடுவில் ‘த’, பின்னால் பொம்பிளை, முன்னால் வடிவு. முதல் எழுத்தின் இடப்பக்கம் தண்ணீர்த் துளி மாதிரி மூன்று கோடு வரவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் நீங்களேதான். இரண்டுதான் போட்டிருக்கிறீர்கள்.

அதைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. பல்லு கிளாஸுக்குள் கிடந்தது, கை வாயை மூடப் போகவில்லை. ஒருத்தரும் இல்லாத வீட்டில் பொக்கை வாயோடு சத்தமாகச் சிரித்தேன், பிறகு அழுதேன். பேனையை எடுத்து மூன்றாவது கோட்டைப் போடப் பார்த்தேன், மனம் வரவில்லை. கிளாஸில் இருந்த பல்லைத் துடைத்து உங்கள் பெட்டிக்குள் வைத்து மூடினேன். இனி அது அங்கேதான் இருக்கும்.