கார்னர் மரியாதை

ஜனவரி 5, ஞாயிறு

கால்பந்தில் எங்கள் குமாரபாளையத்துக்குச் சங்ககிரியிடம் தோல்வி. அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று. வாங்கிய இரண்டுமே மூலையிலிருந்து அடிக்கிற கார்னரில்.

காவிரி இந்தப் பக்கம் குமாரபாளையம், அந்தப் பக்கம் பவானி என்று பிரித்துக்கொண்டு ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படியொரு அவமானத்தை இரண்டு கரையும் பார்த்திருக்காது. எதிராளி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கார்னர் கொடிப் பக்கம் நடந்தாலே போதும். என் பதினொரு சிங்கங்களும் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கிறவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். வாங்க, வாங்க, சாப்பிட்டுப் போங்க.

ஓடுகிற பந்தில் எங்களை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் பிறக்கவில்லை. பந்து நின்றால்தான் நாங்கள் செத்தோம். ஏன்? ஏன்? யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா?

ஜனவரி 6, திங்கள்

என் தறி சாமான் கடையில் கழகத்தின் அவசரப் பொதுக்குழு. வந்தவர்கள் ஆறு பேர். டீ ஒன்பது.

கேப்டன் மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "கோவிச்சுக்காதீங்கண்ணா. கடைசி ரெண்டு எடத்துல முடிச்சா ரெண்டாம் பிரிவு. அங்க எறங்கிட்டா டீமைக் கலைச்சுப்போடலாம்னு பசங்க சொல்றாங்க. பவானிக்காரங்க இப்பவே ஆள் எடுக்கறாங்க."

கலைப்பதா? நான் கோச் ஆன நாளில் இந்த மயில்சாமிக்கு மீசை கிடையாது. அரைக்கால் சட்டை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே வாரம் முழுக்க நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனுசனாக மாறுகிற பதினெட்டுப் பேர். அவர்களோடு நானும்.

இன்னும் மூன்று ஆட்டம். ஆத்தூர், திருச்செங்கோடு, இளம்பிள்ளை.

ஜனவரி 8, புதன்

காலைப் பலகாரத்தில் போர்த்திட்டம் வகுத்தேன். சித்ரா வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, சட்னிக் கிண்ணம் எதுக்கு இட்லித் தட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டு நிக்குது?"

"அது ஆத்தூர் செண்டர் ஃபார்வர்டு."

"அவரை இந்தப் பக்கம் கொண்டாங்க. இட்லி ஆறுது."

உலகத்தின் பெரிய தளபதிகளுக்கெல்லாம் மனைவி இருந்திருப்பாள். ஆனால் இட்லி இருந்திருக்காது.

ஜனவரி 12, ஞாயிறு

ஆத்தூரோடு ஒன்றுக்கு ஒன்று. ஒரு புள்ளி. சந்தோஷப்பட முடியவில்லை.

எங்களுக்கு ஒன்பது கார்னர் கிடைத்தது. ஒன்பது! ஒன்றில் பந்து கோலுக்கு முன்னால், கல்யாண விருந்தில் வைத்த லட்டு மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மயில்சாமி, இந்தப் பக்கம் என் அக்கா மகன் கவின்.

"நீங்க அடிங்கண்ணா."

"பரவால்ல தம்பி, நீயே அடி."

"அய்யோ, நீங்க இருக்கறப்ப நானா..."

ஆத்தூர் கீப்பர் நடந்து வந்து, குனிந்து, எடுத்துக்கொண்டு போனார். நான் கோட்டுக்கு வெளியே நின்று போட்ட கூச்சல் கொல்லிமலையில் எதிரொலித்திருக்கும்.

வாங்கிய கோல் இன்னும் மோசம். கார்னர் வந்தது, எங்கள் கீப்பர் சென்றாயன் கையை நீட்டினான், அப்புறம் மடக்கிக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் சட்டையைப் பிடித்தேன்.

"பந்தை ஏன்டா குத்தல?"

"குறுக்க வந்தது நம்ம பங்காளிங்க. பொங்கலுக்கு ஊட்டுக்கு வாராங்க. மூஞ்சில குத்திப்போட்டு எப்படிங்க கரும்பு குடுக்கறது?"

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய பாயை எரித்தார்கள். நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மரியாதை. இதுதான் நோய்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். ஊரே மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கிறது. நான் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

இந்தச் சமவெளியில் நூறு வருசமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, எந்த ஊர் டீம் வந்தாலும் அதில் நமக்கு ஒரு மாமன், ஒரு சகலை, ஒரு சம்பந்தி வீட்டுப் பையன். பந்து ஓடும்போது முதுகுதான் தெரியும். முதுகுக்கு ஏது மொறை? பந்து நின்றதும் எல்லாரும் கோலுக்கு முன்னால் பாக்ஸுக்குள் நெருக்கி நிற்கிறார்கள். மூஞ்சி தெரிகிறது. மூஞ்சி தெரிந்ததும் மொறை தெரிகிறது. மொறை தெரிந்ததும் தோள் தானாக விலகி வழி விடுகிறது.

எங்களுக்குள்ளேயும் அதேதான். பெரியவர் அடிப்பார் என்று சின்னவன் விடுகிறான்.

இதைக் கண்டுபிடித்த எனக்கு ஒரு சிலை வைக்கலாம். பாலத்துக்கு நடுவில் வைத்தால் இரண்டு ஊருக்கும் பொது.

மருந்துதான் தெரியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

மருந்து ஒன்று. பயிற்சியில் ஒருத்தனை ஒருத்தன் திட்டச் சொன்னேன். மரியாதை உடையட்டும் என்று.

கவின் மயில்சாமியைப் பார்த்தான். முகம் சிவந்தது. முக்கினான்.

"போடா... ங்க."

மைதானமே உருண்டு சிரித்தது. நானும். வீடு வந்து சேர்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. ஆட்டம் வருது. என்ன செய்யறது? உட்கார்ந்தா எந்திரிக்கத் தோணுது, எந்திரிச்சா உட்காரத் தோணுது. சித்ரா, "வாசப்படிக்கும் கொல்லைக்கும் தார் ரோடு போட்டரலாமுங்களா?" என்கிறாள்.

ஜனவரி 23, வியாழன்

கவினின் அக்கா இலக்கியாவுக்கு அடுத்த மாதம் 23ஆம் தேதி கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மளிகை விலை விசாரிக்க என்னைச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு அனுப்பினார்கள். துவரம்பருப்புக் கடைக்காரர் விலை சொல்லும்போது அவருடைய கடைப்பையன் எவ்வளவு உயரம் எகிறுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன விலை சொன்னார் என்று இப்போது ஞாபகமில்லை.

ஆனால் திரும்பும்போது! புது பஸ் ஸ்டாண்டில் குமாரபாளையம் பஸ் வந்து நிற்கக்கூட இல்லை, ஒரு அம்மா ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்துவிட்டது. உள்ளே ஏறினால், மலை மாதிரி ஒருத்தர், தங்கச் சங்கிலி, வெள்ளை வேட்டி, அந்த இடத்தில் உட்காரப் போகிறார். அந்த அம்மா அவர் இடுப்பளவு உயரம்கூட இல்லை. சொன்னது:

"துண்டு போட்டிருக்குதுங்க."

அவ்வளவுதான். 'ங்க' இருந்தது. குரலில் பணிவு இருந்தது. ஆனால் இடம் போகவில்லை. மலை நகர்ந்து பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

நான் பஸ்ஸுக்குள்ளேயே கை தட்டிவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதி, "யாருங்க எறங்கறது?" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

வீட்டிலிருந்த துண்டையெல்லாம் அள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சித்ராவின் தலை துவட்டும் துண்டு உட்பட. (அவளுக்கு இன்னும் தெரியாது.)

கோலுக்கு முன்னால் ஏழு துண்டு விரித்தேன்.

"இனிமேல் யாரும் யாரையும் பிடிக்க வேண்டாம். ஆளைப் பார்க்காதே. இது உன் இடம். நீ துண்டு போட்ட இடம். கலெக்டர் வந்தாலும் எழுந்து கொடுக்காதே. அந்த இடத்துக்கு வருகிற பந்து உன்னுடையது. பக்கத்தில் நிற்பவர் உனக்குத் தாத்தாவாக இருந்தாலும் சரி."

"மரியாதைங்க?" என்றான் சென்றாயன்.

"வாயில வெச்சுக்க. கால்ல வேண்டாம்."

மாலை முழுக்க அடித்தோம். பாதிப் பந்து துண்டுக்கு வந்தது, மீதி பக்கத்துச் சோளக்காட்டுக்குப் போனது. ஆனாலும், ஆனாலும்!

ஜனவரி 26, ஞாயிறு

திருச்செங்கோட்டோடு கோல் இல்லாமல் சமன். எதிராளிக்கு ஆறு கார்னர். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

நாங்களும் ஒன்றும் போடவில்லை. எங்கள் கார்னரில், மனசில் துண்டு போட்ட இடத்துக்குப் பந்து வரவே இல்லை.

புள்ளிப் பட்டியல் பார்த்தோம். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், பிழைப்போம். தோற்றால் கழகம் இல்லை.

கடைசி ஆட்டம் இளம்பிள்ளையோடு. அதற்கு மேல் எழுதாமல் நோட்டை மூடுகிறேன்.

ஜனவரி 29, புதன்

நோட்டை ஏன் மூடினேன் என்று சொல்லவில்லை. எழுதிவிடுகிறேன்.

இலக்கியாவைக் கட்டிக்கப் போகிற தீனதயாளன் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர் டீமின் செண்டர் ஃபார்வர்டு. ஆறடி. கார்னர் வந்தால் தென்னை மரம் எழுந்து நின்ற மாதிரி தலை மட்டும் மேலே தெரியும். டிசம்பரில் முதல் சுற்றில் எங்கள் மேல் இரண்டு கோல் அடித்தார். இரண்டுக்கும் பக்கத்தில் நின்றவன் கவின். முதல் கோலுக்குக் கவின் ஒதுங்கினான். இரண்டாவது கோலுக்கு, சாமி சத்தியமாக, மாப்பிள்ளை கீழே விழப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தினான்.

இன்று அக்கா வந்தாள். உட்காரவே இல்லை.

"ஆட்டம் முடிஞ்சு ரெண்டே வாரத்துல கல்யாணம். மாப்பிள்ளை மேல ஒரு கீறல் உழுந்துச்சு, அப்பறம் நீ எனக்குத் தம்பி இல்ல."

பின்னால் கவின் நின்றான். "மாமா, என்னைய அன்னிக்கு உக்கார வெச்சிருங்க. மச்சானுக்கு முன்னாடி என்னால நிக்க முடியாது."

அவனை விட்டால் அந்த உயரத்துக்கு எகிற எங்களிடம் வேறு ஆள் கிடையாது. கடையைத் திறக்கப் போய்விட்டேன். கடை ஏற்கனவே திறந்துதான் இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

இலக்கியா கடைக்கு வந்தாள், அழைப்பிதழ் கட்டு வாங்க. கவினும் இருந்தான். பேச்சு எப்படியோ கார்னருக்கு வந்தது. இந்த ஊரில் இப்போது எல்லாப் பேச்சும் அங்கேதான் வருகிறது.

"மாமா, ஒன்னு சொல்லட்டுங்களா? டிசம்பர்ல அடிச்ச அந்த ரெண்டு கோலுக்கு அவுங்க டீம்ல என்ன பேரு வெச்சிருக்காங்க தெரியுங்களா? சீர்வரிசைக் கோல்."

"என்னது?"

"பொண்ணு ஊட்டுக்காரங்க குடுத்ததாமா. அண்டா, குத்துவெளக்கு, கூடவே ரெண்டு கோலு. அவரு தெருவுல போனா, 'இன்னும் எத்தனை பவுனு கோல் வருது தீனா'ன்னு கேக்கறாங்களாம். என்கிட்டப் போன்ல பொலம்பறாரு."

கவின் தரையைப் பார்த்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "டேய், என்ர ஊட்டுக்காரருக்கு நீ சீர் செய்ய வேண்டாம். மாமா செஞ்சுக்குவாரு. நீ உன்ர பந்தைப் பாரு."

கவின் கடைக்குள் அங்கும் இங்கும் தேடினான். அப்புறம், "மாமா, துண்டு எங்கீங்க?" என்றான்.

பிப்ரவரி 8, சனி

நாளை ஆட்டம் என்று இன்று கடையிலேயே படுக்கிறேன். சித்ராவுக்குத் துண்டு விசயம் தெரிந்துவிட்டது. அதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மிகைப்படுத்த இன்று தெம்பு இல்லை.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல். ஓடுகிற பந்தில்! இந்த வருசம் கார்னர் இல்லாமல் வாங்கிய கோலை விரல் விட்டு எண்ணலாம். எனக்குப் பாதி அழுகை, பாதி பெருமை.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு கார்னர். பந்து உயர வந்தது, நேராகக் கவின் நின்ற இடத்துக்கு. பின்னாலிருந்து மயில்சாமி, "எனக்கு, எனக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். ஒதுங்கப் போகிறான் பையன் என்று நினைத்தேன்.

"அண்ணா, எடம் என்னுதுங்க!"

சொல்லிக்கொண்டே எகிறினான். தலையால் அடித்தான். வலை ஆடியது. இரண்டு வருசத்தில் எங்கள் முதல் கார்னர் கோல். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. செருப்பு ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

கடைசியில் ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்கும்போது அவர்களுக்குக் கார்னர். தீனதயாளன் பின்னாலிருந்து ஓடி வந்தார். கவின் அவர் மூஞ்சியைப் பார்க்கவில்லை, பந்தை மட்டும் பார்த்தான். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள். கவின் தலையில் பட்டுப் பந்து வெளியே போனது. அதே வேகத்தில் அவன் தலை மாப்பிள்ளையின் புருவத்தில் இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

விசில். ஒன்றுக்கு ஒன்று. பிழைத்தோம்.

யாரும் குதிக்கவில்லை. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார். வலது புருவம் கிழிந்து ரத்தம் கன்னத்தில் வழிந்தது. கவின் பக்கத்தில் மண்டியிட்டு, "மச்சான், மச்சான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் டீம் ஆட்களைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்கடா, சீர்வரிசைன்னு."

பிப்ரவரி 10, திங்கள்

நாலு தையல். அக்கா என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சித்ராவிடம் சொல்கிறாள், நான் அதே அறையில் நிற்கும்போதே.

பிப்ரவரி 17, திங்கள்

மயில்சாமி வந்தான். பவானிக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டானாம். அடுத்த வருசத்துக்குப் புது வலை வாங்கணும் என்றான். ஒரு டீ குடித்தான். போய்விட்டான்.

அவன் போன பிறகு நாற்காலியில் அப்படியே தூங்கிவிட்டேனாம். சாமான் வாங்க வந்தவர்கள் எழுப்பவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கல்யாணம். தாய்மாமன் கடமையெல்லாம் செய்தேன். போட்டோக்காரர் தையல் தெரியாமல் இடது கன்னத்தையே காட்டும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கேட்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா வீட்டில் புதுமணத் தம்பதிக்கு விருந்து. மாப்பிள்ளையைப் பந்தியின் நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் கவின், எதிரில் நான். பேச்சு கொஞ்சம் கூச்சமாகத்தான் ஆரம்பித்தது. 'சாப்புடுங்க', 'போதுங்க', 'இன்னும் கொஞ்சம் வைங்க'.

வடை தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை இலையில் மட்டும் ஒன்று மிச்சம். கவின் கை அந்தப் பக்கம் போனது. மாப்பிள்ளை பார்க்காமலே முழங்கையை வைத்து இலையை மறித்தார். கவின் தோளால் தள்ளினான். மாப்பிள்ளை நகரவில்லை. கவினும் நகரவில்லை. சாம்பார் தளும்பி வேட்டியில் கொட்டியது. இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏய், அது மாப்பிள்ளை இலைடா!" என்றாள் அக்கா.

இலக்கியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உடுங்கம்மா, அவுங்க வெளையாடறாங்க."

அக்கா கரண்டியைச் சாம்பார் வாளியில் போட்டாள். அப்புறம் நேராக என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவை.

"உனக்கு ரெண்டு வடை சுடட்டுமாடா?"

நாலு என்றேன்.