கரும்புக்கு நடுவே இருந்த பெயர்

சுவரொட்டி ஒட்டுகிறவரின் வாளியைக் கடந்துதான் இன்று பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. காய்ச்சிய மைதா. அதில் கலந்த மயில்துத்தம். அந்த வாசனையில் கால் நின்றுவிட்டது. நீ போய்விட்டாய் என்று அம்மா சொன்ன நாளில்கூட நான் இப்படி நிற்கவில்லை.

உன் வீட்டுப் பின்கட்டு. மதியம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நீ பசை காய்ச்சுவாய். நான் சேலைப் பெட்டி அட்டைகளை வெட்டுவேன். உன் நைனா சேலையை அறுத்து எடுத்த பிறகு தறியின் பாவில் மிஞ்சும் பட்டு நூல் நமக்கு. அரக்கு, மயில்கழுத்து, எலுமிச்சை. பென்சிலால் பெயர் எழுதி, அதன்மேல் பசை தடவி, நூலைப் படிய வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்துவோம். பொங்கலுக்கு. பிறந்தநாளுக்கு. மாற்றலாகிப் போகும் டீச்சருக்கு. கடிதத் தாளின் மூலையில்கூட ஒருவருடைய முதலெழுத்து.

ஒரே ஒரு விதி வைத்திருந்தாய். "யாருக்குன்னு தெரியாம நூலத் தொடாதடி."

தெள்ளாரிலிருந்து ஒருத்தி தன் அண்ணிக்கு அட்டை கேட்டு வந்தாள். அண்ணி என்ன நிறம், எப்படிச் சிரிப்பாள், எல்லாம் விசாரித்தாய். கடைசியில், "ஒங்களுக்கு அவங்கள புடிக்குமா, புடிக்காதா? அத்தச் சொல்லுங்க மொதல்ல" என்றாய்.

அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "புடிக்காதுங்க" என்றாள்.

"அப்ப பச்ச. அரக்கு புடிச்சவங்களுக்குத்தான்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

எங்கள் வீட்டில் தறி இல்லை. அதனால் எனக்கு நூலை இணைக்க வராது. பழைய பாவின் நுனியையும் புதிய பாவின் நுனியையும் சாம்பல் தொட்டு உன் வீட்டில் யார் விரலால் முறுக்கினாலும் ஒன்றாகிவிடும். இணைத்த இடமே தெரியாது. நான் முடிச்சுப் போடுவேன். "மாட்டக் கட்டற மாதிரி கட்டிகினு கீற பாரு" என்பாய்.

உன் கல்யாணம் தை மாதம். சென்னையில் அச்சகம் வைத்திருக்கும் குடும்பம். முகூர்த்தப் புடவையை உன் நைனாவே நெய்தார். அந்தப் பாவில் மிஞ்சிய அரக்கு நூலைக் கேட்டு வாங்கினேன். உன் உதவியில்லாமல் நான் செய்த முதல் அட்டை அது. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் உன் பெயர். சாயம் கொஞ்சம் இறங்கி, எழுத்துகளையும் கரும்பையும் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு நிழல் விழுந்தது. இடப்பக்கக் கரும்பில் ஒரு நூலின் நீளம் போதவில்லை, இன்னொன்றை இணைத்தேன். முடிச்சு.

நீ அதைத் தடவிப் பார்த்தாய். "கரும்புக்குக் கணு வெச்சிகீறயா?" சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. "எவன் கேட்டாலும் தர மாட்டேன்டி இத்த." புடவை மடிப்புக்குள் வைத்தாய்.

நம்பினேன்.

சில பொங்கல்கள் போயின. கலசப்பாக்கத்து மாமாவிடமிருந்து வாழ்த்து வந்தது. அச்சடித்த அட்டை. இரண்டு பக்கமும் கரும்பு. இளஞ்சிவப்பு நிழல். இடப்பக்கக் கரும்பில் என் முடிச்சு. வாங்கியவர்கள் கணு என்று நினைத்திருப்பார்கள். உன் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை. அதில் ஒரு புள்ளிக்கோடு. கோட்டின் மேல், நீலப் பேனாவில், மாமாவின் கையெழுத்தில், என் பெயர்.

விரலால் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு. நூல் இல்லை.

உனக்குத் தெரியாமல் எடுத்திருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். சித்திரையில் நீ அம்மா வீட்டுக்கு வரும்வரை இதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே பின்கட்டு. நீ துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறக்கும் முன்பே, "கார்டு பாத்தியா? சூப்பரா வந்துகீதில்ல?" என்றாய்.

"என்னோடது எங்க?"

"பிரஸ்லதான் கெடக்கும். பேர எடுத்துட்டுத்தான் போட்டோ புடிச்சாங்க. எம்பேரு இருந்தா யாருடி வாங்குவா?"

"யாரு எடுத்தது?"

"நாந்தான். அவரு கை பட்டாக் கிழிஞ்சிடும்னு நானே பிளேடால வெட்டிக் குடுத்தேன்."

"அந்தப் பேரு?"

"எந்தப் பேரு?"

"வெட்டினயே. அந்தத் துண்டு."

"அத்த யாரு பாத்தா? பெருக்கித் தள்ளியிருப்பாங்க." ஈரத் துணியை உதறினாய். என் முகத்தில் தெறித்தது. "இன்னாத்துக்கு இப்ப மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? ஊரு பூரா ஒன் கரும்புதான் போவுது. பேஜார் பண்ணாதடி."

நீ திருடவில்லை. மறைக்கவும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றே நினைத்திருந்தாய். அதுதான் இன்னும் ஆறவில்லை. விதி வைத்தவள் நீ. பிளேடு பிடித்ததும் நீ. கிழிந்துவிடக் கூடாதே என்று கவனமாக, கரும்பில் படாமல், உன் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறாய்.

பிறகு நாம் பேசியதெல்லாம் வெயிலைப் பற்றி, என் பரீட்சையைப் பற்றி. அதற்கப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. பிறகு அம்மா சொன்ன அந்தச் செய்தி.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மைதா வாங்கி வந்து அறையில் காய்ச்சினேன். உன் முகூர்த்தப் பாவின் நூல் கொஞ்சம் என்னிடம் மிச்சம் இருந்தது. இரண்டு துண்டு. ஊதுவத்திச் சாம்பலைத் தொட்டு, நீ செய்கிற மாதிரி முறுக்கிப் பார்த்தேன். இழுத்ததும் பிரிந்துவிட்டது. மறுபடியும். மறுபடியும் பிரிந்தது.

முடிச்சுப் போட்டேன்.

அட்டை இப்போது மேசையில் காய்கிறது. சாயம் இறங்குகிறது. கரும்பு வைக்கவில்லை. பூ இல்லை, வாழ்த்து இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை உன் பெயர் மட்டும். இதிலிருந்து அதை வெட்டி எடுத்தால் அச்சடிக்க எதுவும் மிஞ்சாது.