தூக்கு என்று எழுதிய சீட்டு

அன்பு மகன் பாண்டீஸ்வரனுக்கு அம்மா சாந்தம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை மாரீஸ்வரி எழுதுவது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலை காயாமல், உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை ஐயா. உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான். போன வாரத்திலிருந்து நீ போன் போட்டுப் போட்டுப் பார்த்திருப்பாய். போனைக் கல்லில் அடித்து நொறுக்கிவிட்டார்கள். டி.வி.யையும் உடைத்துவிட்டார்கள். கதவு ஒரு கீலில்தான் தொங்குகிறது, உள்ளே உரலை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். தெருவில் நின்று யார் போனிலும் உன்னோடு பேச எனக்குத் தைரியமில்லை, ஒவ்வொரு லயத்து வீட்டிலும் கேட்கிற காது இருக்கிறது. மாரியோடு படிக்கிற சிஞ்சுவின் அண்ணன் ஜோமோன் விடிந்தால் மஸ்கட்டுக்குப் பிளேன் ஏறப் போகிறான், அவன் கையில் கொடுத்துவிடத்தான் விளக்கை அணைத்து, போர்வைக்குள் டார்ச்சை வைத்து இதை எழுதவைக்கிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள், பிள்ளை போர்வைக்குள் குனிந்துகொண்டு எழுதுகிறாள்.

தேயிலைப் பேக்டரியில் உன் அப்பாவின் கூட்டாளி செபாஸ்டின் மாமாவின் வலது கை போய்விட்டது. முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். வின்ச் கயிறு கையைச் சுற்றி, கொழுந்துக் கட்டோடு ஆளையும் உத்தரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. கொழுந்து இறக்க வந்த நானும் அங்கேதான் நின்றேன். எலும்பு முறிகிற சத்தம் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகு அவர் தொங்கிக்கொண்டிருந்தார், கீழே குவிந்திருந்த பச்சைக் கொழுந்தெல்லாம் ரத்தம். வின்ச்சை ஓட்டியது உன் அப்பா.

எப்படி நடந்தது என்று உனக்குத்தான் சரியாகப் புரியும், கட்டை எடை போடவும் வின்ச்சில் மேலே ஏற்றவும் அந்தக் கம்ப்யூட்டரில் புரோகிராமை வைத்துவிட்டுப் போனவன் நீதானே. இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது, வின்ச் மோட்டாரும் அன்றே படுத்துவிட்டது. கம்பெனி புதுக் கம்ப்யூட்டர் அனுப்பியது. உன் புரோகிராம் அதில் திறக்கவே மாட்டேன் என்றது. புது அசிஸ்டன்ட் மேலே சொல்லப் பயந்துகொண்டு கையைப் பிசைந்தார். உன் அப்பா சும்மா இருக்காமல் "எம்மவ பார்த்துருவா சார், பிளஸ் ஒன்னுல கம்ப்யூட்டர்தான் படிக்கா" என்று பெருமையடித்து இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீ ஒருமுறை போனில் சொல்லிக்கொடுத்தாயாமே, ரைட் கிளிக் செய்து, இது பழைய விண்டோஸ்தான் என்று அந்தப் புரோகிராமை நம்பவைத்தால் ஓடும் என்று, அதையே செய்தாளாம், ஓடிவிட்டது. அசிஸ்டன்ட் கைதட்டினாராம், உன் அப்பா ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் நீ வைத்திருந்த தமிழ் எழுத்து பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. திரையில் எடை எது, ஏற்றுவது எது என்று தெரியாமல் ஆணியைக் கொட்டியது மாதிரி கோடும் புள்ளியுமாக வந்ததாம். பழைய கீபோர்டில் இவளுடைய நெயில் பாலிஷை எடுத்து ஏற்றுகிற கீயில் சிவப்பும் எடைக் கீயில் பச்சையும் பூசிக் கொடுத்துவிட்டுப் போனாய், உன் அப்பா அந்த நிறத்தைப் பார்த்து அமுக்கியே பழகினவர். புதுக் கீபோர்டு மொட்டையாக இருந்தது. உனக்கு அடித்துப் பார்த்தாள், நீ டியூட்டியில் இருந்தாய் போலிருக்கிறது, எடுக்கவில்லை. தினமும் எடை பார்க்கிறவர் அசிஸ்டன்ட்தானே, அவரிடம் ஒரு கீயைத் தொட்டுக் காட்டி "இது தூக்குறதா சார்" என்று கேட்டிருக்கிறாள். அவர் கோட்டயம் பக்கத்துக்காரர். "அதே அதே, தூக்கான் உள்ளது" என்றாராம். இவள் ஒரு சீட்டில் தூக்கு என்று எழுதி அந்தக் கீயில் ஒட்டினாள், மற்றதில் எடை என்று ஒட்டினாள்.

கடையில் நின்று கேட்டிருந்தால் இவளுக்கே தெரிந்திருக்கும் ஐயா. மலையாளத்துக்காரன் அரிசியைத் தூக்கச் சொன்னால் எடை போடச் சொல்கிறான் என்று இங்கே பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். வின்ச்சுக்குப் பக்கத்தில் நின்றதால் இவள் காதில் மேலே தூக்குவது என்றே விழுந்தது. வின்ச் ரிப்பேரில் கிடந்ததால் அன்றைக்கு ஓட்டிப் பார்க்கவும் முடியவில்லை. மறுநாள் காலையில் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தார்கள். செபாஸ்டின் தராசுத் தட்டில் நின்று கட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே "ஏலே சோலை, நிறுலே" என்று எடை போடச் சொல்லிக் கத்தினாராம். உன் அப்பா எடை என்று எழுதிய கீயை அமுக்கினார். கயிறு மேலே போனது. ஏற்றுகிற கீயை மறுபடியும் அமுக்கினால் நிற்கும் என்று நீதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். அவர் தூக்கு என்று எழுதியதை அமுக்கினார், அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார், அது வெறும் எடையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் சொல். ஆள் மேலே துடிக்கிறான், எல்லோரும் "நிப்பாட்டு நிப்பாட்டு" என்று அலறுகிறார்கள், சோலை விடாமல் அமுக்குகிறான்.

இதோடு அந்தக் கேரம் போர்டுப் பேச்சும் சேர்ந்துகொண்டது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இரண்டு பேரும் ஆடியபோது செபாஸ்டின் விரலால் காயைத் தள்ளிவிட்டாராம். அது அவர் எப்போதும் செய்வதுதான். உன் அப்பாவும் எப்போதும் போல "இன்னொரு வாட்டி கள்ள ஆட்டம் ஆடுன, அந்தக் கைய எடுத்துருவேன்லே" என்றிருக்கிறார். செபாஸ்டின் "எடுத்துட்டு நீயே எனக்குச் சோறு ஊட்டிவிடுலே" என்று சிரித்திருக்கிறார். அன்றைக்குச் சிரித்தவர்களே இன்றைக்குச் சாட்சி சொல்கிறார்கள்.

செபாஸ்டினின் மனைவி பிலோமியை உனக்குத் தெரியும், உன்னை மடியில் வைத்து வளர்த்தவள். அவளுடைய தம்பிகள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஜீப் கிளம்பிய கையோடு உன் அப்பாவைக் கொழுந்துக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சாக்குக் கொக்கியால் முதுகைக் கிழித்தார்கள். முன்பல் நான்கும் போயிற்று. அவர் கும்பிட்டுக்கொண்டே "நான் எடையத்தான்டா அமுக்குனேன்" என்று சொல்லச் சொல்ல, சின்னவன் அவருடைய வலது கையை இழுத்துக் கல்லில் வைத்து "கைய எடுப்பேன்னியே, இப்ப எடுலே" என்று தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் திருப்பி அதன் முதுகால் அடித்தான். நான் குறுக்கே விழுந்தேன், என் மேலும் இரண்டு விழுந்தது, அதை விடு. விரல்கள் நசுங்கிக் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கே ஜெயிலுக்குக் கொண்டுபோவார்களாம், கொல்லப் பார்த்தான் என்று கேஸ். இருட்டினால் நம் தகரத்தின் மேல் கல் விழுகிறது. மாரி பள்ளிக்கூடம் போன வழியில் யாரோ சடையைப் பிடித்துச் சுழற்றிப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள், நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, அதன் பிறகு அனுப்பவில்லை.

அந்தச் சீட்டு இரண்டும் இப்போது இல்லை. ரத்தத்தைக் கழுவுவதற்கு முன்பே அசிஸ்டன்ட் அவற்றைப் பிய்த்துவிட்டு அச்சடித்த சீட்டாகச் சரியாக ஒட்டிவிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை என்று போலீசிடம் அமுக்கியே காட்டினார். பிறகு இங்கே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, மாரியைக் கைகாட்டி "சேச்சி, சின்னப் பெண்ணெ பேக்டரியில் வேலெ செய்யிச்சது தெரிஞ்சா சோலைக்கு இன்னொரு கேஸ். கை போனது யார் எழுதின சீட்டால் என்று செபாஸ்டின் வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா இந்தக் கொச்செ உயிரோடு விடுவாங்களா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பெற்றவள் கேட்கக்கூடாதது. நீ அங்கிருந்து கம்பெனிக்கும் போலீசுக்கும் எழுது. அந்தப் புரோகிராமில் கீயை மாற்றிவைத்தது நான்தான், அப்பாவுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன், பிழை என்னுடையது என்று எழுது. மாரியின் பெயரே அதில் வரக்கூடாது. உன் அப்பாவும் வெளியே வருவார், இவள் தலையும் தப்பும். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், இவர்களுடைய கொக்கி அவ்வளவு தூரம் நீளாது. தை மாதம் வருகிறேன் என்றாய், வராதே. எப்போது வரலாம் என்று எனக்குத் தெரியாது, நான் சாகும்போதுகூட வரமுடியாமல் போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன். மூன்று பேரில் தூரமாக இருக்கிறவன் நீ ஒருவன்தான்.

வேறென்ன. வெள்ளைக் கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கூத்திலும் பிலோமி நம் வீட்டுப் பக்கம் பார்க்காமலே தண்ணீர் பைப்பை நமக்காகத் திறந்துவிட்டுப் போகிறாள், அவளை ஒன்றும் சொல்லமாட்டேன். நீ இதைப் படித்துவிட்டு ஆத்திரத்தில் அந்தப் பையன்களுக்குப் போன் போட்டுத் திட்டாதே. தனியாக இருந்து யோசிக்காமல் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு. எண்ணெய்ப் பலகாரம் ஆகாது உனக்கு. மாரியாத்தாள் உன் கூடவே நிற்பாள், என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். எழுதச் சொன்னதை மறக்காமல் எழுதிவிடு ஐயா.

இப்படிக்கு, உன்னைத் தூரத்தில் விட்டுவிட்டு இங்கே விழித்திருக்கிற அம்மா,
சாந்தம்மாள்

அண்ணே, இதற்குக் கீழே எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்ட இடத்திலேயே உரலில் சாய்ந்து தூங்கிவிட்டது. அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன், ஆனால் அந்தக் கடிதத்தை நீ எழுதாதே. பழைய விண்டோஸ் என்று அந்தப் புரோகிராமுக்கு நான் சொன்ன பொய்யே போதும், இன்னொரு பொய்யை உன் தலையில் வைத்து ஓட்டவேண்டாம். அம்மா சொன்னதில் ஓர் இடம் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. செபாஸ்டின் மாமா நிறுலே என்று கத்தினார். மிஷின் சத்தத்தில் அது அப்பாவைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை, அப்பா சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆனால் சொன்னவர் இருக்கிறாரே. எடை போடச் சொன்னேன், அவன் எடையைத்தான் அமுக்கினான் என்று அவர் ஒருவர் சொன்னால் போதும். அவர் கண் விழித்துப் பேசுகிறாராம், சிஞ்சு சொன்னாள். அவர் கிடக்கிற கோதமங்கலம் ஆஸ்பத்திரி ஜோமோன் போகிற வழிதான். இந்தக் கடிதம் போகிற ஜீப்பில் நானும் போகிறேன். அவரிடம் தூக்கு என்று நான் எழுதியதைச் சொல்லப்போகிறேன், என் பெயரைச் சொல்லியே. மாமாவின் மச்சான்கள் அங்கேதான் காவலுக்குப் படுத்திருப்பார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் வெளியே போனால் உள்ளே உரலை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆள் வேண்டும். எழுப்பித்தான் ஆக வேண்டும். ஜீப் சத்தம் கேட்கிறது. எழுப்புகிறேன்.

மாரி