பெயர் அட்டையில் இல்லாத பெயர்

ஜவுளிக்கடையில் நம் பட்டுப் பிரிவுக்குப் புது அலமாரி வருகிறது என்று நேற்று பழைய இழுப்பறைகளைக் காலி செய்தோம். கடைசி இழுப்பறையின் மூலையில், அந்துருண்டைகளுக்கு நடுவில், உன் பெயர் அட்டை கிடந்தது. ஊசி துருப்பிடித்துவிட்டது. 'ஸ்வேதா' என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அது நான் வைத்த பெயர். கையில் எடுக்கவே கூசியது.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெசன்ட் நகர் பஸ்ஸில் நசுங்கி, மூச்சிரைக்க வந்து நின்றாய். பெயரைக் கேட்டேன். "குப்பம்மாக்கா" என்றாய். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் முன்னால் இந்தப் பெயர் எடுபடாது என்று எனக்குத் தோன்றியது. பெயரை மாற்று என்று மேனேஜர் சொல்லவில்லை. நானேதான் முந்திக்கொண்டேன். பழியை அவர் தலையில் போட எத்தனையோ முறை முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டில் அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னாய். உனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அதனால் உன்னைப் பெற்றதும் உன் அம்மா குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கிடத்தினாள். அத்தை வந்து தூக்கி, ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு உன்னைத் திருப்பிக் கொடுத்தாள். "எமன் வந்தாலும், இது குப்பதானேன்னு தாண்டிப் பூடுவானாம்க்கா" என்றாய். இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, அட்டை அடிப்பவனுக்கு ஸ்வேதா என்று எழுதிக் கொடுத்தேன். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய், இது உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று.

அதோடு விட்டேனா? உன் பேச்சையும் திருத்த ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் முன்னால் 'இருக்கு' என்னாமல் 'கீது' என்றால் கவுண்டருக்கு அடியில் உன் காலை மிதிப்பேன். ஒருநாள் நீ பேசியதைக் கேட்டதும் ஓர் அம்மாள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். நீ அதைப் பார்த்துவிட்டாய். சாப்பிடும்போது சொன்னாய்: "சினிமால எங்க பாஷ பேசறவன் ஒன்னு ரவுடி, இல்லாங்காட்டி காமெடி. எங்க நைனா நாள் பூரா வலை தச்சிக்கினு கீறாரு. அவர மாரி ஒரு ஆள அதுல பாத்துக்கீறியா நீ?" நீ கோபத்தோடேயே எனக்கும் ரெண்டு நெத்திலி வைத்தாய். சைவச் சமையல் வீட்டு நங்கநல்லூர்க்காரியான நான் மீன் தின்னப் பழகியது உன் டப்பாவில்தான்.

ஐந்து வருடம் ஓடியது. கடை முழுக்க நீ ஸ்வேதாதான். இன்னொரு பெயர் உனக்கு இருந்ததையே நான் மறந்துவிட்டேன்.

அந்த ஆடித் தள்ளுபடியின்போது காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தாய். கவுண்டரை மொய்த்த கூட்டத்துக்கு நடுவில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு போன் வந்தது. பெண் குரல். "குப்பம்மா கூட வேல செய்ற அக்காவா?"

"அப்படி யாரும் இங்க இல்லைம்மா. ராங் நம்பர்."

வைத்துவிட்டு, அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் புடவை ஒன்றை விரித்துக் காட்டினேன். அது விற்றது. அந்தப் புடவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் கடையில், காய்ச்சலிலேயே நீ போய்விட்டாய் என்றார்கள். நீ குடியிருந்த ஊரூர் ஒல்காட் மீனவக் குப்பத்துச் சந்தில் நின்று, ஸ்வேதா வீடு எது என்று கேட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். நான் போனில் சொன்ன அதே வார்த்தை. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது, படகுகள் நிற்கும் பக்கமிருந்து அழுகை கேட்டது. ஏ குப்பம்மா, ஏ குப்பம்மா என்று, போனில் வந்த அதே குரல். அந்தப் பக்கம் நடந்தேன்.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள்தான் ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி சொன்னாள்: "நம்பர தப்பா போட்டுட்டேன்னு நென்ச்சிக்கினேம்மா. ஆஸ்பத்திரில அக்கா வருதா, அக்கா வருதான்னு வாசலயே பாத்துக்கினு இருந்துச்சு."

அந்த போனை எடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.

எமனாவது ஒன்றாவது என்று எனக்கே புத்தி சொல்லிக்கொள்கிறேன். டாக்டர்கள் காய்ச்சல் என்றுதான் எழுதினார்கள். ஆனாலும் உன்னைப் பிறந்ததிலிருந்து காப்பாற்றிய பெயரை நான்தானே கழற்றினேன், உன் நெஞ்சில் வேறொன்றைக் குத்தி, இதோ இருக்கிறாள் என்று காட்டிக் கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. பயமாக இருக்கிறது குப்பம்மா.

இப்போதெல்லாம் தெரியாத எண் எது வந்தாலும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எடுக்கிறேன். மனை வாங்குகிறீர்களா என்று கேட்பார்கள். இன்று காலை வந்ததில் யாரும் பேசவில்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக் கூடம் மாதிரி இரைச்சல் மட்டும் கேட்டது. வாடிக்கையாளர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உன் காலை மிதித்து மிதித்து நிறுத்தப் பார்த்த அந்தப் பேச்சு என் வாயில் வந்தது.

"குப்பம்மாவா? இங்கதான் கீது. இரும்மா, கூப்புடறேன்."