அடியை வெட்டிய காளான்

செப்டம்பர் 27, சனி
குட்டி இன்று கூடத்திலிருந்து சமையலறை வரை தவழ்ந்துவிட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் வாயில் ஏதோ. விரலை விட்டு எடுத்தால் மண்! இவர் காட்டிலிருந்து பறித்து வந்த காளானில் ஒட்டியிருந்தது. செய்தித்தாளை விரித்து, மண்ணோடு கொட்டி, ஒவ்வொன்றின் அடியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இவர் வழக்கம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.
"இனிமே இந்த மண்ணு வீட்டுக்குள்ள வரக்கூடாது. அங்கேயே அடிய வெட்டிட்டுக் கொண்டு வாங்க."
"உத்தரவு, இன்ஸ்பெக்டரம்மா."
சல்யூட் வேறு.

அக்டோபர் 4, சனி
சொன்னபடியே செய்துவிட்டார். வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டு மண் இல்லாமல், டப்பாவில் அடுக்கிக்கொண்டு வந்தார். இரவுக்கு நானே வெங்காயம் போட்டு வதக்கிக் கொடுத்தேன். பால் கொடுப்பதால் நான் காளான் தொடுவதில்லை. "இவ்வளவு ருசியா நான் சாப்பிட்டதே இல்ல" என்று சட்டியை வழித்தார்.

அக்டோபர் 5
விடிகாலையிலிருந்து வாந்தியும் பேதியும். தெருமுனை டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, நான் வாயைத் திறக்குமுன் "நேத்து மத்தியானம் ஓட்டல்ல" என்றார். வெளியே வந்ததும், காளானை ஏன் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டேன்.
"காளானா இருந்தா சாப்பிட்ட உடனே காட்டியிருக்கும். பத்து மணி நேரம் கழிச்சா வரும்? நீ ஊதிப் பெருசாக்காத."
நான் திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று ஏற்கெனவே பெயர்.

அக்டோபர் 6
அப்பாடா. எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டார். நாளை மறுநாள் வேலைக்குப் போகிறாராம்.

அக்டோபர் 8
கண் மஞ்சள். பெரிய ஆஸ்பத்திரி.
டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே காளான் சாப்பிட்டாரா என்பதுதான். இரண்டாவது: "அடியில உறை இருந்துச்சா? முட்டை ஓடு உடைஞ்ச மாதிரி?"
"தெரியாதுங்க. வெட்டி எடுத்துட்டு வந்தார்."
"விஷக் காளானுக்கு உறை மண்ணுக்குள்ளதாம்மா இருக்கும். முழுசா பிடுங்கினாத்தான் தெரியும். நடுவுல ஒரு நாள் தெளிஞ்ச மாதிரி இருந்தாரா? அதுதான் எல்லாரையும் ஏமாத்துது. உள்ள கல்லீரல் போய்க்கிட்டே இருக்கும்."
அந்த ஒரு நாளைத்தான் நான் அப்பாடா என்று எழுதி வைத்திருக்கிறேன்.
சாயங்காலம் அண்ணி வந்துவிட்டார்கள். இவருடைய அக்கா. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டது: "எப்பவும் பிடுங்கிப் பார்க்கிறவன் இப்ப எதுக்கு வெட்டினான்?"
தெரியல அண்ணி என்றேன். தெரியலையாம்! எப்படி வந்தது அந்த வார்த்தை என் வாயில்?

அக்டோபர் 9
ஐந்து நிமிடம் நினைவோடு இருந்தார். என் கையைப் பிடித்து இழுத்தார்.
"நீ வெட்டச் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லாத. உன்ன ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டா. பார்க்காம தின்னது நான்தானே."
இந்த நிலையிலும் எனக்கு வக்காலத்து. அய்யோ, நான் என்ன செய்வேன், யார்கிட்ட போய்ச் சொல்வேன்.

அக்டோபர் 11
காலை 6.40.
அவ்வளவுதான்.

நவம்பர் 2
அண்ணி எங்களோடு இருக்கிறார்கள். குட்டியைக் குளிப்பாட்டுவது, எனக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் அவர்கள்தான். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் தம்பியைத் திட்டுகிறார்கள். "குனிஞ்சு பிடுங்க சோம்பல் அவனுக்கு. வெட்டிக்கிட்டு வந்துட்டான். குழந்தைய நினைச்சானா?" வருகிறவர்களும் உச்சுக் கொட்டுகிறார்கள்.
குழந்தையை நினைத்துத்தான் வெட்டினார். எனக்கு மட்டும் தெரியும். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதா, அவர் பெயரைக் காப்பாற்றுவதா?

நவம்பர் 9
சொல்லிவிட்டேன்.
குட்டியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். "நான்தான் அண்ணி வெட்டிட்டு வரச் சொன்னேன். குட்டி மண்ண வாயில போட்டுட்டா." மடித்த கை அப்படியே நின்றது.
"என்கிட்ட சொல்லவேண்டாம்னு அவன் சொன்னானா?"
தலையாட்டினேன்.
"அதானே பார்த்தேன். என் தம்பி சோம்பேறி இல்ல."
அவர்கள் அழுது இன்றுதான் பார்த்தேன். நான் பக்கத்தில் போனபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். என்னிடம் "கதவைச் சாத்திக்க."

நவம்பர் 10
மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. இப்போதுதான் ஒரு செய்தி வந்தது. "குட்டிக்கு இருமல் இருக்கு. மருந்து மேல் அலமாரியில." இரண்டு வரி. இரண்டும் குட்டிக்கு.
"சரி அண்ணி" என்று அடித்தேன். 'அண்ணி'யை அழித்தேன். திரும்ப அடித்தேன். மறுபடி அழித்தேன். கடைசியில் அதோடுதான் அனுப்பினேன்.
பார்த்துவிட்டார்கள்.