சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? வயிற்றில் இருப்பது உதைக்க ஆரம்பித்துவிட்டதா?

இதைக் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் இருப்பது இங்கே மட்டும்தான். நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா என் தோளை உரசிக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று நான் சொன்னது முழுப்பொய். பிள்ளைத்தாய்ச்சியிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அம்மா உன்னிடம் அல்சர் என்று சொன்னாளே, அப்பாவுக்கு அது இல்லை அக்கா. ஹெபடைட்டிஸ் சி. நாம் பிறப்பதற்கு முன்னால் அச்சகத்தில், பேப்பர் வெட்டும் மெஷினில் அவருக்கு இரண்டு விரல் போனதே, அப்போது ஏற்றிய ரத்தத்தோடு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இத்தனை வருடம் சத்தமே காட்டாமல் இருந்து கல்லீரலை இறுக்கிவிட்டது. போன மாதம் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தார். முதலில் ஈர டீத்தூள் மாதிரி கறுப்பாக வந்தது, பிறகு சிவப்பாக. ஓடிப் போய் அவரைப் பிடித்திருக்க வேண்டும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றேன். அந்த நாற்றம் இன்னும் என் பள்ளிச் சீருடையில் இருப்பது போலவே இருக்கிறது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

உணவுக்குழாயில் வீங்கிக் கிடந்த ரத்தக் குழாய்களுக்கு ரப்பர் வளையம் மாட்டினார்கள். வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். மறுபடியும் நீர் கோத்துக்கொண்டது. அப்பா வயிற்றைத் தடவிக்கொண்டு, “பெரியவளுக்கு முன்னாடி எனக்குத்தான் பிரசவம் ஆகும் போல” என்றார். அம்மா சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். வெளியே வர வெகுநேரம் ஆனது.

ஆறு மாதம் தினம் ஒரு மாத்திரை. கிருமி போய்விடுமாம், ஆனால் கல்லீரல் பழையபடி ஆகாதாம்.

உதவிக்கென்று பெரியம்மா வந்திருக்கிறாள். வந்த அன்றே அப்பாவின் தட்டிலும் டம்ளரிலும் என் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தாள். அவர் எழுந்ததும் நாற்காலியைத் துடைக்கிறாள். வீடு முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி. “ரத்தத்துல வந்துச்சாம்! ஆம்பளைங்க எங்கெங்க போறாங்கன்னு யாரு கண்டா?” என்று அவர் காதில் விழும்படியே சொல்கிறாள். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவில் துப்புகிறாள். அவள்தான் எங்களுக்குச் சுத்தம் சொல்லித் தருகிறாள். இதில் கூத்தைக் கேள்: அப்பா வெட்டிவிட்டு வைத்த நகவெட்டியை எடுத்துத் தன் கால் நகத்தை வெட்டப் போனாள். நான் பிடுங்கி ஒளித்து வைத்தேன். “நகவெட்டிகூடத் தர மாட்டேங்குறா, கஞ்சப் பிசினாறி” என்று இன்றுவரை திட்டு.

ஏன் பிடுங்கினேன் தெரியுமா? டாக்டர் பேசும்போது ஃபைலைப் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் நின்றேன். “ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க, கட்டிப் புடிங்க, அதனாலெல்லாம் வராது. ரத்தம் படுற சாமானை மட்டும் தனியா வெச்சுக்கங்க. ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி” என்றார். அம்மா அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா டாக்டரின் மேஜையைத் தொடாமல் நிற்பதிலேயே குறியாக இருந்தாள். கேட்டது நான் மட்டும்தான். ரேசர் என்ற சொல் வந்ததும் என் கை தானாக உதட்டுக்கு மேல் போனது.

அக்கா, இனிமேல் எழுதப்போவதை மாமாவிடம்கூடக் காட்டாதே.

எனக்கு உதட்டுக்கு மேல் முடி அரும்பியிருக்கிறது. வகுப்பில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வணக்கம் சார்!” என்பாள். கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிப்பு. அம்மாவிடம் சொன்னேன், “படிக்கிற பொண்ணுக்கு மூஞ்சியில என்ன வேலை” என்றாள். அதனால் அப்பாவின் ரேசரை எடுத்தேன். மூன்று முறை. கடைசி முறை நன்றாகக் கிழித்துவிட்டது. பரு உடைந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்கு அடுத்த வாரம்தான் அப்பா வாந்தி எடுத்தார்.

வீட்டில் எல்லோரும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அம்மா செய்துகொண்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. என் பேச்சு வந்ததும் பெரியம்மா, “அவளுக்கு எதுக்கு? லேப்ல இருக்கிறவன் நாலு பேர்கிட்ட சொன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றாள். அம்மா தலையாட்டினாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்பாவைப் பார்த்து இல்லை, இவர்களைப் பார்த்து.

நேற்று சாப்பிடும்போது பொறுக்க முடியாமல், புள்ளி வைத்த அந்த டம்ளரை எடுத்து அதிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். பெரியம்மா அலறினாள். அப்பா அவளைவிட வேகமாக என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினார். தண்ணீர் என் மேலெல்லாம் கொட்டியது. “சின்னவளே, உனக்கு ஒண்ணு வந்துச்சுன்னா அப்புறம் நான் ஒரு மாத்திரைகூடத் தொட மாட்டேன்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. நான் சொன்னால் அவர் மருந்தை நிறுத்துவார். சொல்லாவிட்டால் எனக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அந்த ரேசர் இப்போதும் எதிரே சுவர் அலமாரித் தட்டில்தான் கிடக்கிறது. அதற்கு யாரும் புள்ளி வைக்கவில்லை. எழுதி முடித்ததும் பழைய நோட்டுத் தாளில் நாலு சுற்றுச் சுற்றி, நாளை பள்ளிக்குப் போகும் வழியில் குப்பையில் போட்டுவிடுவேன்.

நீ ஒன்று செய். பிள்ளை பெற்று வீட்டுக்கு வருவதற்கு முன் எல்லோரும் ரத்தம் பார்த்தாக வேண்டும், சின்னவளும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று அம்மாவிடம் சண்டை போடு. விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டால் நான் உளறிவிட்டேன் என்று சொல். அந்த அடியை நான் வாங்கிக்கொள்கிறேன். ரேசர் பேச்சை மட்டும் எடுக்காதே. ஒருவேளை எனக்கும் இருந்தால், அப்பா மாத்திரையை முடிக்கும் வரை அவரிடம் மறைத்துவிடுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாகப் பெற்றெடு. பெண் பிறந்து, அவளுக்கும் ஒரு நாள் மீசை அரும்பினால், அவள் பயப்படாமல் உன்னிடம் வந்து சொல்ல வேண்டும்.

உன் பதிலுக்குத் தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நிற்கும்,
உன் தங்கை