நீங்கள் அனுப்பிய பதினெட்டு எம்.பி.

சார்,

இன்று காலை போனின் உச்சியை விரலால் கீழே இழுத்தபோது அங்கே ஒரு வரி இருந்தது. பல மாதங்களாக அங்கேயே இருக்கும் வரிதான். அதன் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கூட்டல் குறி. மருந்துக்கடைச் சமாச்சாரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். டே, ட், டா. சே, மி, ப், பா, ன். 'டேட்டா சேமிப்பான் இயக்கத்தில் உள்ளது.' முழு வரி. யாரும் உதவவில்லை. எழுபத்தொரு வயதில் ஒரு வரியைத் தனியாக வாசித்து முடிக்கும் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அது ஐந்து வயதிலேயே கிடைத்து, மறந்தும் போயிருக்கும்.

சந்தோஷம் ஒரு மண்குவளை டீ குடிக்கும் நேரம் இருந்தது. அப்புறம் அந்த வரியின் அர்த்தம் மண்டைக்குள் இறங்கியது. அது எதைச் சேமித்தது, எதைத் தொலைத்தது என்பதும் நினைவுக்கு வந்தது. நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஒரு நாளைக்கு ஆறேழு வரிதான் எழுதுவேன். 'இன்று காலை' என்று தொடங்கியது இப்போதே நேற்றாகிவிட்டது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் உங்கள் மேல் கோபப்பட நிறைய நேரம் கிடைக்கிறது. என் மேலும்.

இந்தப் பெங்காலி ஊரில், கரியாஹாட்டில் எங்கள் ஓட்டலுக்கு நீங்கள் சாப்பிட வந்த முதல் நாள் எனக்கு இருபத்தேழு வயது. நான் தோசை மாஸ்டர். நீங்கள் பேங்கில் மாற்றலாகி வந்த புது ஆபீசர். ஊரிலிருந்து என் மனைவி யாரையோ பிடித்து எழுதச் சொன்ன கடிதம் மூன்று நாளாக என் சட்டைப் பையில் வியர்வையில் ஊறிக் கிடந்தது. நீங்கள் தமிழ் பேசியது காதில் விழுந்ததும் கல்லை விட்டு வந்து அதை நீட்டினேன். சாம்பார்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு வாசித்தீர்கள்.

"மாஸ்டர், உமக்குப் பையன் பொறந்திருக்கான்யா. மூணு நாளா இதைப் பையில வச்சுண்டா தோசை வாத்தீர்?"

அன்றிலிருந்து நாற்பது வருடம் எனக்குக் கண் நீங்கள்தான். ரேஷன் கார்டு, பையனின் பள்ளிக்கூடத் தாள்கள், என் மனைவியின் ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்துக் கேட்ட படிவம், எல்லாவற்றையும் நீங்கள்தான் வாசித்தீர்கள். ஊருக்குப் போன என் கடிதங்களெல்லாம் உங்கள் கையெழுத்தில் போயின. ஜாதவ்பூரில் அடுத்த தெருவுக்கே குடிவந்தீர்கள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் மற்றதும் மறக்கவில்லை.

முப்பத்து நாலு வயதில் ஒருமுறை கேட்டேன். "சார், எனக்கும் ரெண்டு எழுத்து சொல்லித் தாங்களேன்." ஓட்டல் நிறைய ஆள். நீங்கள் பில் தாளின் பின்பக்கம் ஒரு 'அ' போட்டு என் பக்கம் தள்ளினீர்கள். நான் பேனாவைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "தோசை திருப்பறாப்ல பிடிக்கிறீரே ஓய்" என்றீர்கள். பக்கத்து மேஜை சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். "உமக்கு எதுக்குங்காணும் எழுத்து? நான்தான் இருக்கேனே." பிறகு அந்தத் தாளிலேயே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

அன்பாகத்தான் சொன்னீர்கள். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் பெண் வந்து உங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். நான்தான் இருக்கேனே என்றவர் ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டீர்கள். மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு நான் மகன் வீடு திரும்பும்வரை காத்திருக்கத் தொடங்கினேன். உங்களுக்கும் அங்கே பேச ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பூ அனுப்ப ஆரம்பித்தீர்கள்.

"இங்க வைஃபை ஓய். அளவே கிடையாது" என்றீர்கள். என் மகன் எனக்குப் போட்டுக் கொடுத்தது ஒரு நாளைக்கு ஒரு ஜிபி. விடிந்ததும் ரோஜா விரியும் வீடியோ, தாமரை விரியும் வீடியோ, கோயில் மணி அடிக்கும் வீடியோ, யாரோ உட்கார்ந்து புத்தி சொல்லும் வீடியோ. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுத்தாக ஒன்றும் அனுப்ப மாட்டீர்கள். எல்லாம் அசைவதும் பேசுவதும்தான். நான் கேட்காமலே அவை போனுக்குள் இறங்கிவிடும். பத்து மணிக்குள் பாதி ஜிபி போயிருக்கும்.

போன வருடம் நான் ரகசியமாக எழுத்துக் கற்கத் தொடங்கியது உங்களுக்குத் தெரியாது. இந்த ஊரில் தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். கடைப் பலகையெல்லாம் பெங்காலி. அப்பளப் பாக்கெட்டில் நாலு எழுத்து இருக்கும், அவ்வளவுதான். போனில் மைக் படத்தை அமுக்கி 'அ ஆ இ ஈ' என்று சொன்னேன். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு அம்மா நடத்தும் பாடம் வந்தது. அணில் வந்தது, ஆடு வந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அணிலையும் ஆட்டையும் பார்த்து நான் சிரித்த சிரிப்பை யாராவது பார்த்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள்.

மருமகள் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகுதான் மாடிக்குப் போக முடியும். அதற்குள் நீங்கள் பாதியைத் தின்றிருப்பீர்கள். வீடியோவைக் குறைந்த தரத்தில் வைத்தால் நெட் மாலைவரை நிற்கும். ஆனால் படம் கலங்கி, சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ணகரத்துக்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று தெரியாது. தெளிவாக வைத்தால் சுழியை எண்ணலாம், பாடம் முடிவதற்குள் நெட் தீர்ந்துவிடும். உங்கள் தாமரைகள் என் ணகரத்தைத் தின்றன, சார்.

கரியாஹாட் பாலத்தடியில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவரிடம், நெட்டைத் தின்பதையெல்லாம் மூடிவிடச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுப் பெங்காலியில் சிரித்தார். "காக்கு, யாரு உங்களுக்கு ஒரு பூந்தோட்டத்தையே அனுப்பறது?" நாம் பேசும் பச்சைப் பெட்டிக்குள் போய், படம், பாட்டு, வீடியோ எதுவும் தானாக இறங்காதபடி வைத்தார். வேண்டியதை மட்டும் அம்புக்குறியை அமுக்கி இறக்கிக்கொள்ளலாம் என்றார். நான் திறக்காதபோதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசியாக அந்தக் கூட்டல் குறி. "ஷொப் பொந்தோ, காக்கு." எல்லாம் மூடியாயிற்று.

மறுநாள் சாயங்காலம்வரை நெட் இருந்தது. ணகரத்துக்கு மூன்று சுழி. எண்ணிவிட்டேன்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. 'சார், நான் மாஸ்டர் எழுதுகிறேன்' என்று தாளில் என் கையால் எழுதி, அதைப் போட்டோ பிடித்து ஒருநாள் திடீரென்று உங்களுக்கு அனுப்புவது. அதைப் பார்க்கும் உங்கள் முகத்தை நினைத்து நினைத்தே பாதி நோட்டுத் தீர்ந்தது. 'ழு' மட்டும் வரவில்லை. கோணிக்கொண்டு போனது. பிழையோடு அனுப்பினால் நீங்கள் மறுபடி தோசைக் கரண்டியைப் பற்றிப் பேசுவீர்கள். 'ழு' வந்த பிறகு அனுப்பலாம் என்றிருந்தேன்.

பூஜைக்கு முந்தின வாரம் நீங்கள் போன் செய்தீர்கள்.

"என்ன ஓய், இத்தனை அனுப்பறேன், ஒண்ணுக்கும் பதில் இல்லை?"

"சார், காலையில இருந்து பூவா அனுப்புதீங்க. எனக்கு நெட்டு ஒரு ஜிபிதான். அது உங்க பூவுக்கே சரியாப் போவுது."

"ஒரு பூவைப் பார்க்கறதுல உமக்கு என்ன நஷ்டம்? வெட்டியாத்தானே உக்காந்திருக்கீர்?"

அப்போது நான் தொட்டிக்குப் பின்னால் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கம் நிறைய கோணல் 'ழு'.

"வெட்டியா இருக்கிறது நீங்கதான் சார். அதுக்கு என் நெட்டத் தின்னாதீங்க."

நாற்பது வருடத்தில் நான் உங்களிடம் அப்படிப் பேசியதில்லை. "சரிங்காணும்" என்று வைத்துவிட்டீர்கள்.

பூக்கள் நின்றன. பூஜை வந்தது, பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். பதினாறு நாள் உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. பதினேழாம் நாள் ஒரு வீடியோ வந்து, இறங்காமல் மங்கலாக நின்றது. அது பூ இல்லை. அந்தக் கலங்கலுக்குள்ளும் உங்கள் வெள்ளை பனியன் தெரிந்தது, ஏறிய நெற்றி தெரிந்தது. நடுவில் அம்புக்குறி, பதினெட்டு எம்.பி. ஓரத்தில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. எண்கள் எனக்கு எப்போதுமே தெரியும்.

பதினெட்டு எம்.பி. என்பது என் பாடத்தில் பாதிகூட இல்லை, சார். ஆனால் நான் விரலை வைக்கவில்லை. கொஞ்சம் கோபம். கொஞ்சம் வைராக்கியம். அதைப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டும், பதிலை எழுத்தில்தான் சொல்வது என்று. வந்தது எங்கே போகப்போகிறது? தபாலில் வந்த கடிதம் மூன்று நாள் பையில் கிடந்தும் அதிலிருந்த செய்தி கெட்டுப்போகவில்லையே. தினமும் திறந்து, மங்கலாக நீங்கள் அங்கேயே இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு மூடுவேன். அந்த நெட்டுக்கு இன்னொரு பாடம் பார்ப்பேன்.

கார்த்திகையில் உங்கள் பெண் என் மகனுக்குப் போன் செய்தாள். காலையில் காபி கேட்டீர்களாம். அவள் கலந்து கொண்டுவருவதற்குள் போய்விட்டீர்களாம்.

அதன் பிறகு அமுக்கப் பயமாக இருந்தது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் 'ழு' வந்தது. கோணாமல், முழுதாக. அன்றுதான் அம்புக்குறியில் விரல் வைத்தேன். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இரண்டு வரி வந்தது. போனை அதற்கு முன்பே தமிழுக்கு மாற்றி வைத்திருந்தேன். கூட்டி வாசிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இந்த வீடியோ இப்போது இல்லையாம். அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டுமாம்.

கடைக்காரரிடம் ஓடினேன். "காக்கு, அது உங்க போனுக்குள்ள வரவே இல்லையே" என்றார். "வெளியில எங்கேயோ வச்சிருப்பாங்க. இத்தனை நாள்னு கணக்கு. நீங்க எடுத்துக்கலைன்னா அழிச்சிடுவாங்க. நீங்க பார்த்துட்டிருந்தது வெறும் நிழல்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எல்லாத்தையும் மூடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உங்கள் பெண்ணுக்குப் போன் செய்தேன். உங்கள் போனில் இருந்ததையெல்லாம் அழித்து, கடையில் கொடுத்து வேறு வாங்கிவிட்டார்களாம். "அதுல அப்பா எனக்கு ஒண்ணு அனுப்பினாரும்மா" என்றேன்.

"தெரியும் மாமா. 'மாஸ்டர் பார்த்துட்டார், ஆனா பதில் சொல்லலை'ன்னு ரெண்டு மூணு தடவை சொன்னார். என்ன அனுப்பினார்னு நான் கேக்கலை."

"நான் பார்க்கலம்மா."

"நீல டிக் விழுந்திருந்ததே மாமா."

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே, வீடியோவை இறக்காவிட்டாலும், உங்கள் பக்கம் நீலம் விழுந்துவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மங்கலான உங்களைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனேனே, அது உங்களுக்கு நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்திருக்கிறது. அவளிடம் இதை விளக்கிச் சொன்னேன். "பரவாயில்லை மாமா" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொல்லி என்ன ஆகிறது?

எழுத்துக்கு எடையே கிடையாது என்கிறார் கடைக்காரர். எழுதி அனுப்புகிற வரியை எந்தச் சேமிப்பானும் வெளியில் நிறுத்தி வைக்காது. அம்புக்குறி கிடையாது, நேராக உள்ளே வந்துவிடும். எனக்கு வாசிக்கத் தெரிகிறது என்று அன்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் பேசிப் படம் பிடித்திருக்க மாட்டீர்கள், எழுதியிருப்பீர்கள். அது இன்றைக்கும் என்னிடம் இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. உங்களை அசத்த வேண்டும் என்றிருந்தேன். நீங்களும் அந்த 'அ'வில் கை துடைக்காமல் இருந்திருக்கலாம். பழியைப் பரிமாற உட்கார்ந்தால் இரண்டு இலைக்கும் போதுமான அளவு இருக்கிறது.

எனக்காக எத்தனையோ கடிதம் எழுதினீர்கள். எனக்கு என்று ஒரு வரி எழுதியதில்லை. எப்படி எழுதுவீர்கள்? இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும், வாசிக்க நீங்கள் எழுதியது ஒன்றும் இல்லை.

போனில் இடம் போதவில்லை, பழையதை அழித்துவிடுங்கள் என்று மகன் சொல்கிறான். எல்லாப் பூவையும் அழித்துவிட்டேன். அந்த மங்கலை மட்டும் வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடிக்குள் நீங்கள் என்ன பேசியிருப்பீர்கள் என்று நானே உங்கள் குரலில் போட்டுப் பார்க்கிறேன். சில நாள், என்னைத் திட்டியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நன்றி கெட்டவன் என்றிருப்பீர்கள், நாற்பது வருடத்தைச் சொல்லிக் காட்டியிருப்பீர்கள். அந்த நாட்களில் நன்றாகத் தூக்கம் வருகிறது.

மற்ற நாட்களில், போனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறிவிட்டு, "சாப்பிட்டீரா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. சமைக்கிறவனிடம் அதை வேறு யாரும் கேட்டதில்லை.